எழுபது மில்லிமீட்டர்

செக்கெசாய்க்கு எழுபது.
நான்தான் அளந்தேன்.
கையுறைக்குள் என் இரண்டு விரல்,
சுவருக்கு அப்பால் சிட்டுங்விசா பேருந்துகளின் ஹாரன்.
எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு
டயாஃப்ரத்தை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள்.
உடைத்த முட்டையின் பாதி ஓடு,
ஆனால் வளைந்துகொடுக்கிற ஓடு.

"அவனுக்குத் தெரியுமா?"
தெரியாது.
"சத்தம்?"
போடாது.
அதற்குப் பிறகுதான்
ஆய்வு எதைப் பற்றி என்றே கேட்டாள்.

கருப்பையின் வாய் மெல்லியது,
கிருமி அவ்வழியே எளிதில் நுழைகிறதோ என்று ஒரு சந்தேகம்.
அதை மூடி வைத்தால் எச்.ஐ.வி. குறையுமா?
தெரியாது, அதைத்தான் பார்க்கிறோம்.
ஆணுறையும் தருகிறோம், அதை விட்டுவிடக் கூடாது
என்று மனப்பாடமாய்ச் சொன்னேன்.
ஆணுறை என்றதும் சிரித்தாள்.
எந்தப் பத்தியிலும் எழுத முடியாத சிரிப்பு.

ஃபன்வெல் கடோமா பக்கம் குழியில் இறங்கித் தங்கம் தேடுகிறவன்.
மாதக் கடைசியில் வருவான்,
நகக்கண்ணில் செம்மண்ணும்
கக்கத்தில் ஒரு முழு ரொட்டியுமாக.
நல்லவன்தான் என்றாள், நான் கேட்காமலே.
ஒருமுறை தலையணைக்கு அடியில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு
"யாருக்காக வைத்திருக்கிறாய்?" என்றானாம்.
"உனக்காக" என்று சொல்ல
வாய்வரை வந்ததாம்.

வேலி மேய்ந்த பயிருக்கு
என் படிவத்தில் கட்டம் கிடையாது.
கடந்த மூன்று மாதத்தில் ஆணுறையில்லாமல் எத்தனை முறை,
அதற்கு உண்டு.
இரண்டு இலக்கம் எழுதலாம்.

கழுவு, துடை, மாவு தூவி வை என்றது கையேடு.
சட்ஸா கிண்டவே மாவில்லாத ஆண்டு அது.
தூவாமல்தான் வைத்திருந்தாள்,
காலி டீத்தூள் டப்பாவில், ஊசிநூலோடு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள்,
வறுத்த நிலக்கடலை வாசம் வரும் கூடவே.
விரலை நீட்டுவாள், ஒரு சொட்டு,
முடிவு வரும்வரை என் காலண்டரில் இருக்கும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.
எனக்கும் ஒரு கணவன் உண்டு.
ஊரில் பாதிப் பெண்களை அளந்திருக்கிறேன்,
என் அளவு எனக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை
மாதாகோவில் மண்டபத்தில் டாக்டர் சொன்னார்:
ரப்பர் மூடி வாங்கிய குழு, வாங்காத குழு,
தொற்றிய எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான்.
கூடுதல் காப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது.
ஆனால் மூடி வாங்கியவர்கள்
ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்,
அந்தப் பள்ளத்தை மூடி கொஞ்சம் நிரப்பியிருக்கலாம்,
நிரப்பாமலும் இருந்திருக்கலாம்,
இந்தக் கணக்கை வைத்து அதைச் சொல்ல வழியில்லை.

நாற்காலிகள் கிரீச்சிட்டன.
ஒரு குழந்தை தும்மியது.
பின்வரிசையில் ரெஜாய்ஸ் எழுந்து கேட்டாள்:
"தப்பு எங்களுடையதா?"
இல்லை என்றார் டாக்டர்,
இல்லை இல்லை என்றார்,
மூன்றாவது தடவை சொல்லும்போது
பெண்கள் தேநீருக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்பது உத்தரவு.
செக்கெசாய் டீத்தூள் டப்பாவோடு வந்தாள், திறக்கவில்லை.
அவளுடைய கடைசிச் சோதனை முடிவு
என் மேசையில் குப்புறக் கிடந்தது.
அது அவளுடையது,
இந்தக் கவிதையில் சொல்வதற்கில்லை.

"நோயைத் தடுக்காது, அப்படித்தானே?"
அப்படிச் சொல்ல முடியாது. தடுக்கும் என்றும் சொல்ல முடியாது.
பிள்ளை உண்டாகாமல் இருக்க உதவும்.
கிருமிக்கு...
"ஆணுறை" என்று அவளே முடித்தாள்.
டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினாள்.
ஊசி உருளும் ஓசை.
"அந்த வீட்டில்
யாரையும் கேட்காமல் நான் செய்தது
இது ஒன்றுதான்."

வெளியே அடுத்தவள் இருமினாள்.
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
அளவு: எழுபது.
நிலை:
நான் பேனாவை உதறி
தொலைந்துவிட்டது என்று எழுதினேன்.